வற்றினால் தெரியும் மண்டபம்

சென்னையில் என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருவன் கேட்டான்: "மே மாசம் ரெண்டு நாள் லீவு சேர்ந்தாப்புல வருது. உங்க ஊருக்கு வந்தா என்னடா பாக்கலாம்?"

"வராத" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கத்திரி வெயிலில் காஞ்சிபுரம் வருபவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கோயில் பிரகாரத்தில் கால் பொசுங்கி, ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு ஓடுவார்கள். பதினோரு மணிக்குள் முடித்துக்கொண்டு, ஏசி போட்ட பட்டுக்கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். சாயங்காலம் ஊர் திரும்பி, "காஞ்சிபுரம் நல்லா இருந்துச்சு, வெயில்தான் தாங்கல" என்பார்கள்.

ஆனால் அவன் விடவில்லை. "கோடைக்குன்னு எதுவுமே இல்லையா? ஊட்டியில ஏரி இருக்கு, கொடைக்கானல்ல ஏரி இருக்கு, ஏற்காட்டுல ஏரி இருக்கு."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். பொதுப்பணித்துறைக் கணக்கில் இருந்தவை மட்டும் 900-க்கும் மேல். மலைவாசஸ்தலங்களுக்கு ஆளுக்கொரு ஏரி; அதைச் சுற்றிப் படகு, குதிரை, மிளகாய் பஜ்ஜி. அவற்றில் ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் வெட்டுவித்தவை. எங்களுக்கு ஆயிரத்து முந்நூறு வருட ஏரிகள் இருக்கின்றன. கோடைக்கு அங்கே போகிற வழக்கமும் இருக்கிறது. அதைச் சுற்றுலா என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். போகிறவர் பெருமாள். ஊர் பின்னால் போகிறது.

"சித்ரா பௌர்ணமிக்கு வா" என்றேன்.

*

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே செவிலிமேடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் சில கிலோமீட்டரில் ஐயங்கார்குளம். ஊரின் பெயரே குளத்தின் பெயர்தான். குளம் என்கிறார்களே தவிர, கரையில் ஏறி நின்றால் ஏரி என்றுதான் தோன்றும். பழைய பெயர் தாத சமுத்திரம். வெட்டியவர் லட்சுமிகுமார தாதாச்சாரியார். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகரத்தை ஆண்ட வேங்கடபதி ராயரின் குரு. வரதராஜப் பெருமாள் கோயில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர். ஏரிக்கரையில் சஞ்சீவிராயர் என்ற பெயரில் அனுமாருக்குப் பெரிய கோயில் ஒன்றையும் கட்டினார். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி அந்தக் கிணறு இருக்கிறது. நடவாவி.

வாவி என்றால் நீர்நிலை. மட்டக்களப்பில் இன்றும் காயலை வாவி என்றுதான் சொல்கிறார்கள். குஜராத்தில் படிக்கிணற்றுக்கு வாவ் என்று பெயர்; பாட்டன் நகரத்து ராணி கி வாவ் 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. நடந்து இறங்கிப் போகிற வாவி என்பதால் நடவாவி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல் தோரணவாயில் மட்டும் தெரியும். உள்ளே படி இறங்கினால், பூமிக்கு அடியில் தூண்கள் வைத்த மண்டபம். மண்டபத்துக்கு நடுவே கிணறு. மழை ஒழுங்காகப் பெய்த வருடங்களில் இந்த மண்டபத்தை யாரும் பார்க்க முடியாது. தண்ணீருக்குள் இருக்கும்.

சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீரை இறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். தூண்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். படிகளைக் கழுவிக் கோலம் போடுவார்கள், விளக்குத் தோரணம் கட்டுவார்கள். வரதர் கோயிலிலிருந்து கிளம்பி, செவிலிமேடு, தூசி என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று மண்டகப்படி வாங்கிக்கொண்டு, ராத்திரி இங்கே வந்து சேர்வார். பல்லக்கோடு படி இறங்கி, ஈரம் காயாத அந்த மண்டபத்தில் கிணற்றைச் சுற்றி வருவார்.

நண்பன் வந்திருந்தான். மேலே நின்றவரை வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து படி இறங்கியதும் காற்றே மாறிப்போனது. கல் ஜில்லென்று இருந்தது. தூண்களில் பாசி வாசனை. முந்தாநாள் வரை இந்த இடத்தில் தலைக்கு மேல் தண்ணீர் நின்றது என்று அவனிடம் சொன்னேன். அவன் கையைத் தூக்கித் தூணில் ஈரக்கறை எதுவரை இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "இந்த வருசம் தேவலபா, போன வருசத்த விட ஒரு மொழம் மேல நின்னுச்சு" என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் போதும். திருவிழாவுக்கு வந்த மனுஷன், சாமியைப் பார்க்கிற அதே கண்ணால் தண்ணீர் மட்டத்தையும் அளந்துகொண்டிருந்தார்.

*

அங்கிருந்து வரதர் பாலாற்றுக்குப் போகிறார். அதற்கு ஊறல் உற்சவம் என்று பெயர். ஆற்று மணலில் பள்ளம் தோண்டிப் பந்தல் போட்டு, அதில் பெருமாளை எழுந்தருளச் செய்வார்கள். மணலைத் தோண்டினால் ஊறி வருகிற தண்ணீர்தான் ஊறல்.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் கடலைச் சேர்கிற ஆறு. வருடத்தில் முக்கால்வாசி நாள் மேலே வெறும் மணலாகத்தான் கிடக்கும். ஓடுவதெல்லாம் அடியில். சாயம் போட்ட பட்டை அலசப் பாலாற்றுத் தண்ணீர்தான் சரி, அதனால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்தப் பளபளப்பு என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

நாங்கள் பிள்ளையார்பாளையம். ஆயா தறி நெய்தவர். "அப்பல்லாம் ஊறலுக்குப் போவ சொல்லோ, கையால மணல வாரினாலே தண்ணி வந்துடும் கண்ணு. சின்னப் பசங்க அதுலயே உக்காந்துனு வர மாட்டேன்னு அழும்" என்பார். இன்று அதே ஆற்றில் தண்ணீரைக் காண இயந்திரம் தேவைப்படுகிற இடங்கள் உண்டு. காரணம் ரகசியமில்லை. பல பத்தாண்டுகள் லாரி லாரியாக மணல் போனது. மணல் ஆற்றின் பஞ்சு; பஞ்சை எடுத்துவிட்டால் எதில் தண்ணீர் நிற்கும்? மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு இதே ஆற்றில்தான் கலந்தது. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. பாலாறு பாடப்புத்தகத்தில் இடம்பிடித்தது இப்படித்தான்.

*

கோடையில் போய்த் தண்ணீரைப் பார்க்கிற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சடங்கு நூல்கள் வசந்தோற்சவம் என்று ஒரு பதில் சொல்லும். வெயில் காலத்தில் சாமிக்கும் புழுக்கம், அதனால் தோப்புக்கும் குளக்கரைக்கும் கூட்டிப்போகிறோம். அழகான பதில்தான். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. இது என் ஊகம்.

ஏரி என்பது எளிமையான சங்கதி. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் மண்கரை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு வழியும். எளிமை என்பதாலேயே இதற்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். ஒவ்வொரு மழையும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், கரை கரையும், மதகுக் கல் பெயரும். இதையெல்லாம் பார்ப்பதற்கும் சரி செய்வதற்கும் வருடத்தில் ஒரே ஒரு சமயம்தான் உண்டு. அறுவடை முடிந்து, ஆட்கள் சும்மா இருந்து, தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் சித்திரை, வைகாசி. வடகிழக்குப் பருவமழைக்கு நான்கைந்து மாதம் முன்பு. அந்த நேரம் பார்த்து ஊரையே ஏரிக்கரைக்கும் கிணற்றடிக்கும் ஆற்று மணலுக்கும் இழுத்துக்கொண்டு போகிற திருவிழா இருந்தால் என்ன ஆகும்? யாரும் சொல்லாமலே ஊர் தன் தண்ணீரைத் தணிக்கை செய்துவிடும். கரை எங்கே உடைந்திருக்கிறது என்று ஆயிரம் பேருக்குத் தெரிந்துவிடும்.

தொண்டை மண்டலம் இந்தக் கணக்கை ரொம்பப் பழங்காலத்திலிருந்தே போட்டிருக்கிறது. காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்து ஏரியைப் பற்றிப் பேசுகிறது. பரமேஸ்வர தடாகம் என்ற அந்த ஏரிக்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாயின் பெயர் பெரும்பிடுகு. உத்திரமேரூரில் பல்லவர் காலத்து ஏரி ஒன்று வயிரமேக தடாகம் என்ற பெயரோடு கல்வெட்டுகளில் வருகிறது. அதே ஊரில் முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள்தான் குடவோலைத் தேர்தலை விவரிப்பவை. குடத்தில் ஓலை போட்டு எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். எதற்கு எடுத்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். வருடக் கணக்குக்குச் சம்வத்சர வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12 பேர், ஏரிக்கென்றே தனியாக ஏரி வாரியம் 6 பேர். பொன் கொடுத்து, அதன் வட்டியில் வருடா வருடம் தூர் வாரச் செய்த கொடைகளும் இந்த வட்டாரக் கல்வெட்டுகளில் உண்டு.

இங்கே பெருமை பேசி நிறுத்திக்கொள்வது சுலபம். ஆனால் அந்த வாரியத்தில் உட்கார, வரி கட்டுகிற கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேத ஞானமும் வேண்டும். சேற்றில் இறங்கி வண்டல் வாரியவர் பெயருக்குக் குடத்தில் ஓலை கிடையாது. அவர்களுக்குப் பின்னால் வந்த நூற்றாண்டுகளிலும் கதை இதுதான். மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கண்ணால் அளந்து விட்ட நீர்க்கட்டிகள் இந்தப் பக்கம் பெரும்பாலும் தலித்துகள். ஊரின் நெல்லெல்லாம் அவர்கள் கைவழியாக விளைந்தது. ஊர்க்குளத்தில் அதே கையை நனைக்க முடியாது. 1927-ல் மகாராஷ்டிராவின் மகாட் ஊர்க் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தது ஏன் வரலாறானது என்பது ஏரி மாவட்டத்துக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரே திரண்டு தண்ணீர் பார்க்கப் போனது என்று எழுதும்போது, அந்த ஊர் என்கிற சொல்லுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சாமிக்கும் ஏரிக்குமான இந்த முடிச்சு கம்பெனிக்காரனுக்கும் புரிந்துதான் இருந்தது. 1790-களில் இந்தப் பகுதி கம்பெனி ஜாகிர். கலெக்டர் லியோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையப்போன மழை ராத்திரியில், கரையில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நிற்பதை அவர் கண்டதாகக் கதை. கரை நின்றதற்கு நன்றியாகத் தாயார் சன்னதி கட்டிக்கொடுத்தார் என்கிறார்கள். அது கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று அங்கே தமிழில் கல்வெட்டும் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு இன்று ஏரி காத்த ராமர் கோயில் என்றே பெயர். ராமனைப் பார்த்தாரோ இல்லையோ, ஏரி உடைந்தால் கிஸ்தி வராது என்பதைப் பிளேஸ் நன்றாகவே பார்த்திருப்பார்.

*

2019-க்கு வருகிறேன். அந்த வருடம் காஞ்சிபுரத்துக்கு வராதவர்கள் குறைவு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள், நீராழி மண்டபத்தின் அடியில் கிடக்கும் அத்திவரதர் 40 வருடத்துக்கு ஒரு முறை வெளியே வருவார். ஏறத்தாழ 9 அடி அத்திமரத் திருமேனி. 1939, 1979, பிறகு 2019. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். படையெடுப்புக்குப் பயந்து குளத்தில் ஒளித்தது என்கிறது மரபுக்கதை. உற்சவ மூர்த்தியை 1688-ல் முகலாயப் படைக்கு அஞ்சி உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய், 1710-ல் திரும்பக் கொண்டுவந்தது கல்வெட்டிலேயே இருக்கிறது. இந்த ஊருக்குச் சாமியை ஒளித்து வைத்துப் பழக்கம் உண்டு.

ஆயா தன் வயதையே இதை வைத்துத்தான் சொல்வார். "போன தபா அத்திவரதர் மேல வர சொல்லோ உங்கம்மா என் கையப் புடிச்சினு நடந்தா." ஆகவே 2019-ல் அவரைக் கூட்டிப்போயே ஆக வேண்டியிருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றோம். 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் ஜனம் இருந்த நகரத்துக்கு, அந்த 48 நாளில் ஒரு கோடியை ஒட்டிய கூட்டம் வந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஜூலை 18 அன்று நெரிசலில் 4 பேர் இறந்துபோனார்கள். அத்திவரதரை வைத்திருந்த இடம் வசந்த மண்டபம். பெயரைப் பாருங்கள். கோடையில் சாமி காற்று வாங்கக் கட்டிய மண்டபம். அதற்குள் மனிதர்கள் மூச்சுக்கு அல்லாடினார்கள்.

அதே ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னையின் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டிருந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். காஞ்சிபுரத்தில், தண்ணீரை இறைத்துவிட்டு வெளியே எடுத்த சாமியைப் பார்க்க லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். எழுபது கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரைப் பார்க்க லட்சம் குடங்கள் வரிசையில் நின்றன. இரண்டு செய்திகளையும் ஒரே டிவியில் மாறி மாறிப் பார்த்தோம். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. ஆயாவுக்குத் தோன்றியது. அரைநாள் நின்று, இரண்டு நொடி தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கொளத்துல தண்ணி எவ்ளோ இருந்துச்சாம்?" நான் குளத்தைப் பார்க்கவே இல்லை. தடுப்புகள் அந்தப் பக்கம் விடவில்லை. வந்த கோடிப் பேரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நடவாவியில் முழக்கணக்கு சொன்ன பெரியவரை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

*

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, நெய்பவர் கால் வைத்து மிதிக்க இடம் விட்டிருப்பார்கள். நெசவாளிக்கும் மழைக்கும் ஆகாது. தெருவில் பாவு நீட்டி ஓட்ட முடியாது. அதைவிட மோசம், ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். வேலை நின்றால் கூலி இல்லை. சொம்பால் மொண்டு மொண்டு கொட்டியதை ஆயா வசவோடுதான் சொல்வார்.

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் குழியில் தண்ணீர் ஊறிப் பார்த்ததே இல்லை. மழைக்காலத்திலும் காய்ந்தே கிடக்கும். தறிக்கு அது வசதிதான், யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. நிலத்தடி நீர் எத்தனை அடி போயிருக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு கருவி இருந்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரியவில்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று கரைக்குக் கரை ஓடிய ஆற்றை வேடிக்கை பார்க்க ஊரே போனது. எங்கள் தலைமுறை அப்படி ஒரு பாலாற்றைக் கண்டதில்லை. இரண்டு நாள் கழித்து, காலையில் தறிக்குழியில் கால் வைத்த மாமா "ச்சே" என்று எடுத்தார். கணுக்கால் நனைந்திருந்தது. கல்யாணத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் நின்றது. அவர் கத்திக்கொண்டே சொம்பு தேடினார்.

ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஊறுதா?" என்றார்.

"ஊறுது."

"ஊறட்டும் வுடு. ரெண்டு நாளு தறி நின்னா ஒண்ணும் ஆவாது."

அடுத்த அத்திவரதர் 2059-ல். அன்றைக்கு என் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நண்பன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல் என்று. அதற்கு நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாகச் சித்ரா பௌர்ணமிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடவாவியில் இறங்கித் தூணில் ஈரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். டிக்கெட் இல்லை.